கேள்வி கேட்காத கமெரா

 

இந்த ஆய்வரங்கின் அழைப்பிதழைப் பார்த்த சிலர், நியூயோர்க்கில் இருந்த ஒரு பொப் ஓவியரின் படங்களைப் பற்றிக் கிளிநொச்சியில் என்ன பேச்சு என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என் தலைமை உரையை அதற்குரிய பதிலாகவே அமைத்துக்கொள்கிறேன்.

அன்டி வோர்ஹோல் 1962இல் கம்பெல் சூப் ரின்களை 32 கன்வஸ்களில் வரைந்து பேசப்பட்டவர். மறுவருடக் கோடையில் ஒரு 16 மில்லிமீற்றர் பொலெக்ஸ் கமெரா வாங்கினார். அடுத்த ஐந்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார். ஒருவர் தூங்குகிறார். ஒருவர் ஒரேயொரு காளானை மெல்ல மெல்லச் சாப்பிடுகிறார். ஒரு கட்டடம் இரவில் நிற்கிறது. அவற்றில் கதை என்று ஒன்றில்லை. தொடக்க காலப் படங்களில் பேச்சும் இல்லை. பெரிய தியேட்டர்கள் தொடாத இந்தப் படங்கள் சிறிய அரங்குகளில், விரும்பித் தேடி வந்தவர்களுக்கு ஓடின. இவற்றுள் ‘ஸ்க்ரீன் டெஸ்ட்’ என்று பெயரிட்டு 1964 முதல் 1966 வரை எடுத்த முகப்படங்களில்தான் நான் நின்று பேசப்போகிறேன். அவை 472 எஞ்சியிருக்கின்றன.

எடுத்த விதம் எளிது. ஒருவரைக் கதிரையில் இருத்துவார்கள். ஒரு விளக்கு. முக்காலியில் கமெரா. அசையாமல் இருங்கள், முடிந்தால் கண்ணும் இமைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, நூறு அடிச் சுருள் தீரும்வரை ஓடவிடுவார்கள். சில வேளை வோர்ஹோல் கமெராவை ஓடவிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். சுருள் மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆனால் நொடிக்கு 24 சட்டகமாக எடுத்ததை 16 சட்டகமாக ஓட்டச் சொன்னார். அதனால் திரையில் நான்கு நிமிடத்துக்கு மேல் வரும். கண்ணிமைப்பு, எச்சில் விழுங்குவது, மூச்சு எல்லாமே ஒன்றரை மடங்கு நேரம் எடுக்கும். முதல் அரை நிமிடம் அந்த மனிதர் தன் ‘முகத்தை’ வைத்திருக்கிறார். பிறகு அது அவர் கையை விட்டு நழுவுகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் படம்.

ஆன் புகனன் என்ற இளம்பெண்ணின் 1964ஆம் ஆண்டுப் படத்தில் அவர் கண்ணை இமைக்கவே மறுக்கிறார். கொஞ்ச நேரத்தில் கண்ணில் நீர் திரள்கிறது. வழிகிறது. கன்னத்தைத் தாண்டிப் போகிறது. முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. அவருக்குத் துயரம் இருந்ததா இல்லையா என்று படம் சொல்லவில்லை, கேட்கவுமில்லை.

அந்தக் கண்ணீரை இங்கே, இந்த நகரத்தில் வைத்துப் பார்க்கவே உங்களை அழைத்தேன். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். நான்கு நாளில் வவுனியாவிலும் தொடங்கியது. அந்தப் போராட்டக் கொட்டில்களுக்கு எத்தனையோ கமெராக்கள் வந்துபோயின. வந்தவர்களில் பலர் நல்ல மனதோடு வந்தவர்கள். ஆனால் நடந்ததைக் கண்ணால் கண்டவன் நான். “அம்மா, படத்தை நெஞ்சோட பிடியுங்கோ. கொஞ்சம் கீழ பாருங்கோ. மகனைக் கடைசியா எப்ப கண்டனீங்கள்?” அம்மா சொல்லத் தொடங்குவார். அழுகை வரும்போது கமெரா நெருங்கும். அழுகை நின்றதும் கமெராவும் நின்றுவிடும். அதே அம்மா பிறகு எழும்பி, தேத்தண்ணி ஊற்றிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்து, வீட்டில் கட்டிவைத்த மாட்டைப் பற்றிக் கவலைப்பட்டதை எவரும் எடுக்கவில்லை. வன்னியில் எடுத்த படங்களுக்குக் குறைவில்லை. அழாத வன்னி முகம் எத்தனை படத்தில் இருக்கிறது?

அந்த அம்மா நெஞ்சில் பிடித்திருக்கும் படத்தையும் கிட்டப்போய்ப் பாருங்கள். அடையாள அட்டைக்காக ஸ்ரூடியோவில் எடுத்தது. பின்னால் நீலத் திரை, நேரே பார்க்கும் முகம், மேல் பொத்தான் வரை பூட்டிய சேட். பெருப்பித்துப் பிளாஸ்ரிக் உறையில் போட்டிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் புகுந்து ஓரம் வெளுத்துவிட்டது. அரசாங்கத்துக்குக் காட்டவென்று எடுத்த முகத்தை, அதே அரசாங்கத்திடம் திருப்பிக் கேட்பதற்காகத் தூக்கிப் பிடித்திருக்கிறார் தாய்.

வோர்ஹோலின் முகப்படங்களும் ஒரு பொலிஸ் ஆவணத்திலிருந்தே பிறந்தன என்பதை மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தேடப்படும் 13 குற்றவாளிகளின் படங்களை நியூயோர்க் பொலிஸ் ஒரு சிறு வெளியீடாகக் கொண்டுவந்திருந்தது. 1964 உலகக் கண்காட்சியில் நியூயோர்க் மாநில மண்டபத்தின் வெளிச்சுவரில் வோர்ஹோல் அந்த முகங்களைப் பெருப்பித்து வைத்தார். கண்காட்சி திறக்குமுன்பே அதன்மேல் வெள்ளி நிறம் பூசி மறைத்துவிட்டார்கள். அதே சட்டகத்தை, அதே நேர்ப்பார்வையை எடுத்துக்கொண்டு அவர் அழகானவர்களின் வரிசை ஒன்றைத் தொடங்கினார். ஸ்க்ரீன் டெஸ்டுகளின் தொடக்கம் அது. சந்தேகத்தோடு பார்க்கும் சட்டகத்தை விருப்பத்தோடு பார்க்கும் சட்டகமாக மாற்றலாம் என்று அவர் செய்து காட்டினார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவரை நாங்கள் படிக்க வேண்டும்.

இனி நீளத்தைப் பற்றி. 1964 ஜூலை 25ஆம் திகதி இரவு எட்டு மணியளவில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் பார்த்துக் கமெரா ஓடத் தொடங்கியது. விடியப்புறம் இரண்டே முக்காலளவில் நின்றது. ‘எம்பயர்’ திரையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். பொழுது படுகிறது, மின்விளக்குகள் எரிகின்றன, அணைகின்றன, வேறொன்றும் நடக்காது. சுருள் மாற்றிய பிறகு அறை விளக்கை அணைக்குமுன் கமெராவை முடுக்கிய இடங்களில் மட்டும், எடுத்தவர்களின் முகநிழல் யன்னல் கண்ணாடியில் ஒரு கணம் தெரிந்து மறைகிறது.

அந்தக் கமெராவை இயக்கியவர் யோனாஸ் மெக்காஸ். லித்துவேனியாவின் ஒரு விவசாயக் கிராமத்துப் பிள்ளை. 1944இல் தம்பியோடு ஊரைவிட்டு வெளிக்கிட்டவரை ஜெர்மனியில் கட்டாய வேலை முகாமில் அடைத்தார்கள். போர் முடிந்த பிறகும் அகதி முகாம்களிலேயே வருடங்கள் போயின. 1949இல் நியூயோர்க் வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே கடன்பட்டு ஒரு பொலெக்ஸ் வாங்கினார். கொம்பனிக்காரர் தொடாத படங்களை விநியோகிக்க 1962இல் ஒரு கூட்டுறவு அமைப்பை உருவாக்கினார். தடைசெய்த படமொன்றைக் காட்டியதற்காக 1964இல் கைதானார். அமெரிக்கப் பரிசோதனைச் சினிமாவின் வரலாற்றைப் பணக்கார ஓவியர்களின் விளையாட்டாகச் சொல்பவர்களுக்கு நான் மெக்காஸைச் சுட்டிக்காட்டுவேன். அதைத் தாங்கி நிறுத்தியவர் முகாமிலிருந்து வந்தவர். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து பாடம் படித்து, இன்று பல்கலைக்கழகம் வந்திருக்கும் பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வோர்ஹோலுக்கு முதல் மெக்காஸை வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எட்டு மணி நேரப் படத்தை யார் பார்ப்பார் என்பீர்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் ‘ஸ்லீப்’ படத்தை லொஸ் ஏஞ்சலிஸில் காட்டியபோது சனம் கொதித்துக் காசைத் திருப்பிக் கேட்டது உண்மை. ஆனால் முல்லைத்தீவில் கோவலன் கூத்தை விடியவிடியப் பார்த்த சனம் நாங்கள். தெரிந்த கதை, தெரிந்த பாட்டு, தெரிந்த ஆட்டக்காரர். நடுவில் நித்திரை வந்தால் பாயில் சரிந்து, வாத்தியச் சத்தத்தில் எழும்பி, விட்ட இடம் தெரியாமலே தொடர்வோம். மின்சாரமில்லாத வருடங்களில் டெக்கும் ரிவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் தேடி, ஒரே இரவில் மூன்று படம் பார்த்ததும் இப்படித்தான். முழுக் கவனத்தோடும் கவனமில்லாமலும் மாறிமாறிப் பார்ப்பது வோர்ஹோல் எதிர்பார்த்த பார்வை. அது எங்களுக்குப் பழக்கமானது.

மற்றப் பக்கத்தையும் சொல்லாமல் விடமுடியாது. வோர்ஹோலின் ஸ்ரூடியோவில் நடித்தவர்கள் பலருக்குச் சம்பளம் கிடைக்கவில்லை. அவர் பல படங்களில் நடிக்கவைத்த ஈடி செட்ஜ்விக் 1971இல், 28 வயதில் இறந்தார். உடைந்துகொண்டிருந்த ஒருவரைக் கமெரா குளிர்ச்சியாகப் பார்த்துக்கொண்டிருந்தது என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கிறேன். இங்கேயோ அசையாத கமெராவுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. போர் முடிந்த கையோடு குடும்பத்தைப் படலையடியில் வரிசையாக நிறுத்திப் பதிவுக்காக இராணுவத்தினர் படம் எடுத்த காலத்தை நாங்கள் கண்டோம். அப்போதும் எவரும் கேள்வி கேட்கவில்லை; பேசாமல் பார்த்தார்கள். ஆகவே பேசாத கமெரா தன்பாட்டில் நல்லதாகிவிடாது. எடுத்த படம் யார் கையில் இருக்கிறது, அதை அழிக்கச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஓவியர் கமெரா எடுப்பது எங்கள் பக்கத்துக்கும் புதிதல்ல. இந்திய ஓவியர் ஹுசைனின் படம் 1967இல் பெர்லினில் விருது பெற்றது. இன்னொரு இந்திய ஓவியர் தையப் மேத்தா 1970இல் எடுத்த படத்துக்குக் ‘கூடல்’ என்று பெயர் வைத்தார். லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்க் கலைஞர் கிறிஸ்தோபர் குலேந்திரன் தோமஸ், 2022இல் ‘த ஃபினெஸ்’ என்ற படைப்பில் பழைய ஆவண வீடியோக்களோடு செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய முகத்தைக் கலந்தார். 2024இல் பிரசல்ஸில் முள்ளிவாய்க்கால் கடற்கரையை ஓவியங்களாக வைத்தார். காட்சியை நம்பலாமா என்று அவர் கேட்பது முக்கியமான கேள்வி. ஆனாலும் இங்கிருந்து பார்க்கும் எனக்கு, உருவாக்கிய முகத்தைவிட உண்மையான ஒரு முகத்தை நான்கு நிமிடம் பார்ப்பதே அவசரமான வேலையாகத் தெரிகிறது.

வன்னிக்குள்ளேயே விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பல வருடம் படமெடுத்தது. இயக்குநர் மகேந்திரன் வந்து இளைஞர்களுக்குத் திரைக்கலை கற்பித்தார். அந்த உழைப்பு பெரியது. ஆனால் அந்தக் காலக் கமெராவுக்கு ஒரு கடமை இருந்தது. அது முகங்களைப் பார்த்தபோதும் ஒரு செய்திக்காகவே பார்த்தது. போர் முடிந்த 2009இல் எத்தனையோ கசெற்றுகள் மண்ணுக்குள் போயின. வோர்ஹோல் 1970களின் தொடக்கத்தில் தன் படங்களைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்ட பிறகு, 1980களில் நியூயோர்க்கின் இரண்டு அருங்காட்சியகங்கள் அவற்றைத் தேடியெடுத்துப் பாதுகாத்ததால்தான் இன்று நாங்கள் பேசுகிறோம். எங்களிடம் அப்படியொரு இடம் இல்லை. இந்த ஆய்வரங்கின் தீர்மானங்களில் அது முதலாவதாக வரவேண்டும்.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தொலைபேசியை முக்காலியில் பூட்டி, உங்கள் அம்மம்மாவையோ, சந்தையில் மீன் வெட்டுபவரையோ, தையல் கடைக்காரரையோ நான்கு நிமிடம் எடுங்கள். கேள்வி கேட்க வேண்டாம், பாட்டுப் போட வேண்டாம். முடிந்ததும் முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். சம்மதித்தால் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டு, மற்றதை எங்களிடம் கொண்டுவாருங்கள். அப்படி ஏற்கெனவே எடுத்த சில படங்கள் இன்று மாலை நான்கு மணிக்கு இதே மண்டபத்தில் காட்டப்படும். எடுக்கப்பட்டவர்களில் சிலரும் வருகிறார்கள். அவர்களுக்கு முன்வரிசையை விட்டுவிடுங்கள்.

முதல் அமர்வு மெக்காஸின் முகாம் ஆண்டுகள் பற்றியது. கட்டுரைக்கு இருபது நிமிடம், கேள்விகளுக்குப் பத்து நிமிடம். கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.