மாதவிலக்கு தள்ளிப்போனால் மறைக்காதீர்கள்!

(விழுப்புரம், திண்டிவனம் மாதர் கூட்டங்களில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



இந்த விஷயத்தைக் கூட்டத்தில் பேசலாமா என்று சிலர் கேட்டார்கள். ஆண் தோழர்கள் எழுந்து போக வேண்டாம். இது உங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றிய பேச்சு.

நம் பக்கத்தில் கர்ப்பிணியை "முழுகாமல் இருக்கிறாள்" என்போம். அதனால் வரும் விபரீதத்தைப் பாருங்கள்! கல்யாணமாகாத பெண்ணுக்கு மூன்று மாதம் விலக்கு வராவிட்டால், பெற்ற தாய்க்கே சந்தேகம் வருகிறது. பெண் பயந்து வாயை மூடிக்கொள்கிறாள். கல்யாணமானவள் என்றால் வீட்டார் மகிழ்கிறார்கள். கர்ப்பமில்லை என்று தெரிந்ததும் "மலடி" என்று ஏசுகிறார்கள். இரண்டும் அநியாயம்.

கர்ப்பமா, இல்லையா என்று முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். இல்லையென்றால் காரணம் பல இருக்கலாம். தைராய்டு கோளாறாக இருக்கலாம். வயிறாரச் சோறின்றி உடம்பு மெலிந்தாலும் விலக்கு நின்றுபோகும். காசநோய் கர்ப்பப்பையைத் தாக்கினாலும் நிற்கும். இவற்றோடு அடிக்கடி காணப்படுவது சினைப்பை நீர்க்கட்டி நோய்.

1935ல் சிகாகோ நகரத்து டாக்டர்கள் ஸ்டெயினும் லெவந்தாலும் ஏழு பெண்களின் நிலையை ஆராய்ந்து இதைப் பற்றி எழுதினார்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது உண்டு. அவர்களில் 100க்கு 70 பேர் வரை அறியாமலே இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

"கட்டி" என்றதும் அஞ்சாதீர்கள். இது புற்றுநோய்க் கட்டியல்ல. மாதந்தோறும் ஒரு சினைமுட்டை முற்றி வெளிவர வேண்டும். இந்நோயில் பல முட்டைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் அவை சிறு குமிழ்களாகத் தெரியும். பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. உடம்பு அதை அதிகமாகச் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைப் பெருக்குகிறது. முகத்தில் ரோமமும் பருவும் வருவது இதனால்தான். நடத்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒல்லியான பெண்ணுக்கும் இது வரும்.

"வராவிட்டால் வேலைக்குச் சௌகரியம்தானே?" என்கிறார்கள் சில சகோதரிகள். கக்கூஸுக்குப் போகும் நிமிஷத்தைக்கூட எண்ணும் ஆலையில் நிற்பவள், மறைவிடமில்லாத வயலில் நாற்று நடுபவள் வேறு என்ன சொல்வாள்? ஆனால் கர்ப்பப்பையின் உட்சவ்வு வெளியேறாமல் தடித்துக்கொண்டே போகும். பிறகு பெரும்போக்காக உடைந்து ரத்த சோகையில் தள்ளும். வருஷக்கணக்கில் கவனியாமல் விட்டால் கர்ப்பப்பையில் புற்றுநோய் வரும் அபாயமும் கூடும். ஆகவே 90 நாள் தாண்டினாலோ, வருஷத்தில் எட்டு முறைக்குக் குறைந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

அங்கே ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு பார்ப்பார்கள். விலக்கு வரவழைக்கவும் ஒழுங்குபடுத்தவும் மாத்திரை உண்டு. இன்சுலின் கோளாறுக்கு மெட்ஃபார்மின் உண்டு. குழந்தை வேண்டுவோருக்கு முட்டை வெளிவரச் செய்யும் மருந்தும் உண்டு. மலடி என்று ஏசப்பட்ட பலர் தாயாகியிருக்கிறார்கள். ஹார்மோன் மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். ரத்த அழுத்தமோ, ரத்தக்கட்டோ உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

நாளெல்லாம் குனிந்து களை எடுப்பவளிடம் தேகப்பயிற்சி செய் என்பது பரிகாசம். ஆனால் ஆலையில் டீயும் பன்னுமாய்க் காலம் தள்ளுபவர்கள் சாப்பாட்டை மாற்றத்தான் வேண்டும். சோற்றைக் குறைத்து, பயறு, கீரை, முட்டை, ஒரு பிடி மல்லாட்டை சேருங்கள். பருமனானவர்கள் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைத்தாலே பலருக்கு விலக்கு திரும்புகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். 2019ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் சுமார் 100 பெண்களை விசாரித்தார்கள். விலக்கு வலிக்குப் பெயர்ச்சீட்டில்லாத மாத்திரை கொடுக்கப்பட்டதை அவர்கள் சொன்னார்கள். பெயர் தெரியாத மாத்திரையை விழுங்காதீர்கள்! அதே வருஷம் மகாராஷ்டிரத்து பீட் ஜில்லாவில் சர்க்கார் கணக்கெடுத்தது. கரும்பு வெட்டும் பெண்கள் 82,000 பேரில் 13,000க்கு மேற்பட்டோர் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். விலக்கு வந்தால் கூலி போகும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். சினைப்பை நீர்க்கட்டிக்குக் கர்ப்பப்பையை எடுப்பது வைத்தியமல்ல.

ஆலைப் பெண்களே, இ.எஸ்.ஐ. கார்டு தர்மமல்ல, உங்கள் கூலியிலிருந்து பிடித்த பணம். வயல் பெண்களே, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. திண்டிவனத்திலும் முண்டியம்பாக்கத்திலும் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. தனியாகப் போகக் கூச்சமென்றால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். கடைசியாக விலக்கு வந்த தேதியைக் காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.