போட்டிச் சட்ட வழக்கறிஞரின் தொழிற்பின்னணி

1969ஆம் ஆண்டின் ஏகபோக, கட்டுப்பாட்டு வணிக நடைமுறைச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையத்துக்கு நீதிபதியோ, நீதிபதியாகும் தகுதியுடையவரோதான் தலைமை ஏற்க இயன்றது. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அந்த வாயிலை அகலப்படுத்தியது. பொருளாதாரம், வணிகம், கணக்கியல் போன்ற துறைகளில் 15 ஆண்டு அனுபவம் உடையோரும் ஆணையத்தில் அமரலாம். அதன்முன் வாதிடுவதும் வழக்கறிஞரின் தனியுரிமையன்று; 35ஆவது பிரிவின்படி பட்டயக் கணக்காளர், நிறுவனச் செயலர், அடக்கவிலைக் கணக்காளர் ஆகியோரும் முன்னிலையாகலாம்.

ஆகவே, சட்டப் பட்டம் மட்டும் கொண்டு இத்துறைக்கு வருபவர் பாதிக் கருவியோடு வருகிறார் என்றே சொல்ல வேண்டும். இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

தானியக் கிடங்குகளில் பூச்சிகளை ஒழிக்கப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளுக்கு இந்திய உணவுக் கழகம் 2009இல் ஒப்பந்தப்புள்ளி கோரியது. மூன்று நிறுவனங்கள் கிலோவுக்கு 388 ரூபாய் என்று அச்சுப் பிசகாமல் ஒரே விலை குறித்தன. அவற்றின் உற்பத்திச் செலவோ வெவ்வேறு. முந்தைய ஆண்டுகளிலும் விலை ஒத்தே வந்திருந்தது. இது கூட்டுச் சதியே என 2017 மே மாதம் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.

சமையல் எரிவாயு உருளைகளுக்கான 2010-11ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளியிலும் விலைகள் ஒத்திருந்தன. ஆணையம் தண்டமும் விதித்தது. ஆயினும் 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதை நீக்கியது. உருளைகளை வாங்குவோர் மூன்றே அரசு எண்ணெய் நிறுவனங்கள். சென்ற ஆண்டு விலையை விற்போர் அனைவரும் அறிவர். இத்தகைய சந்தையில், பேசி வைத்துக்கொள்ளாமலே விலை ஒத்துப்போதல் கூடும்.

விலை ஒப்புமை என்ற சான்று ஒன்றே; தீர்ப்புகள் இரண்டு. வேறுபாட்டைக் காட்டியது சட்டப் பிரிவன்று, சந்தையின் அமைப்பு. வாங்குவோர் எத்தனை பேர், அடக்கவிலை என்ன என்று கேட்கத் தெரியாத வழக்கறிஞர், குற்றமற்றவரையும் காப்பாற்ற இயலாது. பொதுப் பணத்தைச் சுரண்டியவரையும் பிடிக்க இயலாது.

தண்டத் தொகையிலும் இதே நிலைதான். மாத்திரை வழக்கில் ஒரு நிறுவனத்துக்கு ஆணையம் விதித்த 63.90 கோடி ரூபாய், மேல்முறையீட்டில் 2.92 கோடியாகக் குறைந்தது. மொத்த விற்பனையையன்றி, வழக்குக்குரிய பொருளின் விற்பனையை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்ற வாதமே காரணம். 2023ஆம் ஆண்டின் திருத்தம், விற்பனை வருவாய் என்பதற்கு உலகளாவிய மொத்த வருவாய் என்றே பொருள் வகுத்தது. அந்தக் கணக்கு இப்போது புதிதாகத் தொடங்குகிறது.