பாதி வேலையைக் காட்டுங்கள்



மருத்துவம், செவிலியம், மருந்தியல், மக்கள் நல்வாழ்வு, ஆய்வகத் தொழில்நுட்பம் என்று பல துறைகளில் பட்டம் பெற்றவர்கள் இந்த அரங்கில் ஒன்றாக அமர்ந்திருக்கிறீர்கள். உங்களில் கணிசமானவர்கள் விரைவில் ஏதோ ஓர் ஆய்வுக் குழுவில் சேரப் போகிறீர்கள். சேர்ந்த அன்றே உங்கள் எண்ணை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். ஒரு கூகுள் ஷீட்டைத் திறக்க அனுமதி தருவார்கள். “இனி எல்லாம் இதில்தான்” என்பார்கள். இந்தக் கருவிகளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு.

பெரும்பாலான குழுக்களில் இவை வெறும் தபால் வேலைதான் செய்கின்றன. முடிந்த அறிக்கையும் கூட்ட நேரமும் போய்ச் சேர்கின்றன. “சரி சார்” என்ற பதில் திரும்பி வருகிறது. முடியாத வேலை, சிக்கிக்கொண்ட இடம், ஒத்துவராத அளவீடு எல்லாம் யாரோ ஒருவருடைய மடிக்கணினிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. ஆய்வில் பிறர் கைகொடுக்கக்கூடிய கட்டமே அந்த முடியாத கட்டம்தான்.

பிராசிகுவாண்டல் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்வோம். நன்னீர் நத்தைகளில் வளர்ந்து, ஆற்றிலும் குளத்திலும் இறங்குகிறவர்களின் தோலைத் துளைத்து உள்ளே புகும் ஒட்டுண்ணிப் புழு ஒன்று ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானவர்களை வாட்டுகிறது. அது உண்டாக்கும் சிஸ்டோசோமியாசிஸ் நோய்க்கு இதுதான் முதன்மையான மருந்து. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூட்டம் கூட்டமாகக் கொடுக்கிறார்கள். மாத்திரை பெரியது, கடுங்கசப்பு. இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவ மூலக்கூறுகள் அதில் சரிபாதியாகக் கலந்திருக்கின்றன. புழுவைக் கொல்வது ஒன்றுதான். மற்றது மாத்திரையைப் பெரிதாக்குகிறது. கசப்பில் பெரும்பங்கும் அதனுடையது. இரண்டையும் பிரிக்க வேண்டும். அதுவும் ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் பிரிக்க வேண்டும்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் இருந்த வேதியியலாளர் மேத்யூ டாட், உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து இந்த வேலையை எடுத்துக்கொண்டபோது, தம் ஆய்வகக் குறிப்பேட்டையே இணையத்தில் திறந்து வைத்தார். செய்த சோதனை, கிடைத்த பலன், தோற்ற முயற்சி எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். லிங்க்டுஇன் தளத்தில் தொழிற்சாலை வேதியியலாளர்கள் கூடும் குழு ஒன்றிலும் தம் சிக்கலைச் சொல்லிக் கேட்டார். வேண்டிய வடிவத்தை மட்டும் உண்டாக்கும் நுட்பமான வினையூக்கிகளைப் பற்றிப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் யோசிப்பது இயல்பு. கலவையாகவே செய்துகொண்டு பிறகு பிரித்தெடுக்கும் பழைய, மலிவான வழியை ஆலை அனுபவம் உள்ளவர்கள் சுட்டிக்காட்டினார்கள். தீர்வு அந்தப் பாதையில்தான் கிடைத்தது. டாட்டும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இந்த அனுபவத்தை 2011இல் ‘நேச்சர் கெமிஸ்ட்ரி’ இதழில் எழுதினார்கள். யோசனை சொன்னவர்களில் பலர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை செய்தவர்கள். முடிந்த கட்டுரையாக அதைப் படித்திருந்தால் அவர்கள் என்ன செய்திருக்க முடியும்? முடியாத வேலையாகப் பார்த்ததால்தான் கைகொடுத்தார்கள்.

அதே 2011ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் வட பகுதியில் மக்கள் இரத்த வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. காரணம் ஈ.கோலை பாக்டீரியாவின் ஓ104:எச்4 என்ற அரிய வகை. 3,800க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள், 54 பேர் இறந்தார்கள். ஹாம்பர்க் மருத்துவமனையிலிருந்து போன மாதிரியின் மரபணுத் தொகுதியைச் சீனாவின் பி.ஜி.ஐ. நிறுவனம் வரிசைப்படுத்தி, ஜூன் 2ஆம் தேதி மூலத் தரவை அப்படியே பொதுவெளியில் விட்டது. துண்டு துண்டாக இருந்த அந்தத் தரவைப் பிற ஆய்வாளர்கள் 24 மணி நேரத்துக்குள் ஒன்றாகக் கோத்துவிட்டார்கள். பல நாடுகளின் உயிர்த்தகவலியலாளர்கள் கிட்ஹப் தளத்தில் ஒரு பொதுப் பக்கம் தொடங்கி, கண்டதைக் கண்டவுடன் எழுதினார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் திருத்தினார். ஒரே வாரத்துக்குள் அந்தப் பாக்டீரியாவின் வம்சம் தெரிந்தது. நச்சை உண்டாக்கும் மரபணுவும் மருந்தை எதிர்க்கும் மரபணுக்களும் அதற்குள் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை என்பதும் தெரிந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தப் போவதில்லை. பாக்டீரியா யார் என்பது தெரிந்தது. அது எந்த உணவில் வந்தது என்பதை மரபணு வரிசை சொல்லவில்லை. அதற்குள் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்தான் குற்றவாளி என்று ஹாம்பர்க் அதிகாரிகள் அறிவித்திருந்தார்கள். அது தவறு. ஆனால் ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் வாங்க ஆளின்றி அழிந்தது. நோயாளிகளைக் கேட்டால் தக்காளி, வெள்ளரி, கீரை என்று நினைவில் நின்றதைத்தான் சொன்னார்கள்.

உணவைக் கண்டுபிடிக்க, ஜெர்மனி அரசின் பொதுச் சுகாதார அமைப்பான ராபர்ட் காக் நிறுவனத்தின் நோய்ப்பரவலியலாளர்கள் ஓர் உணவகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நோய் வந்தவர்கள் பலர் குழுவாக வந்து சாப்பிட்ட இடம் அது. யார் எந்தப் பதார்த்தத்தை வாங்கினார்கள் என்று ரசீதையும் புகைப்படங்களையும் வைத்துச் சரிபார்த்தார்கள். பிறகு சமையலறைக்குள் போய், ஒவ்வொரு தட்டிலும் என்னென்ன போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள் என்று சமையல்காரரைக் கேட்டார்கள். நோயுற்றவர்கள் அத்தனை பேருடைய தட்டிலும் முளைகட்டிய பயறு இருந்தது. அலங்காரத்துக்காகத் தூவியது என்பதால் சாப்பிட்டவர்களில் பலருக்கே அது நினைவில் இல்லை. முளைகளே காரணம் என்று ஜூன் 10ஆம் தேதி அதிகாரப்பூர்வமாக அறிவித்தார்கள். முளைகளை விற்ற பண்ணையும் தெரிந்தது. பின்னோக்கித் தேடிப் போனபோது எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தயத்தில் வந்து நின்றார்கள்.

நண்பர்களே, அந்தச் சமையல்காரரை நான் ஆய்வுக் குழுவின் உறுப்பினராகவே நினைக்கிறேன். கிட்ஹப் பக்கத்தில் எழுதியவர்களும் அவரும் சேர்ந்துதான் அந்தக் கொள்ளைநோயின் கதையை முழுமையாக்கினார்கள். நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பவர் கிராம சுகாதாரச் செவிலியர், வார்டு செவிலியர், இரத்தம் எடுக்க வரும் ஆய்வகத் தொழில்நுட்பர். உங்கள் பொது ஷீட்டில் அவர்களுக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா, எழுதவும் அனுமதி உண்டா? “இந்தத் தெருவில் தண்ணீர் லாரி மாறிவிட்டது” என்று ஒரு செவிலியர் தமிழில் ஒரு வரி எழுத அந்த ஷீட்டில் ஒரு கட்டம் இருக்கிறதா? எண்களுக்கு மட்டுமே இடம் வைத்த ஷீட்டில் அந்த வரி ஒருபோதும் ஏறாது.

நம் நாட்டிலும் மாணவர்களை நம்பி ஒரு பெரிய முயற்சி நடந்தது. காசநோய்க் கிருமியின் மரபணு வரிசை 1998இல் வெளிவந்தது. சுமார் 4,000 மரபணுக்கள். பலவற்றின் வேலை என்னவென்று தெரியாது. அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் 2008இல் தொடங்கிய திறந்தமூல மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டம், ‘கனெக்ட் டு டீகோட்’ என்ற பெயரில் இணையம் வழியாக இந்தியாவெங்கும் மாணவர்களைத் திரட்டியது. ஆளுக்குச் சில மரபணுக்கள். ஏற்கெனவே வெளியான கட்டுரைகளைத் தேடிப் படித்து, ஒவ்வொரு புரதமும் எதோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று பொது அட்டவணைகளில் பதிய வேண்டும். ஒருவர் பதிந்ததை மற்றவர் சரிபார்க்க வேண்டும். 1,434 புரதங்கள், அவற்றுக்கிடையே 2,575 தொடர்புகள் என்று 2012இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் அந்த வரைபடம் வெளிவந்தது. சக அறிஞர்களின் சரிபார்ப்புக்கு முன்பே 2010இல் வெற்றி அறிவித்துவிட்டார்கள் என்று விஞ்ஞானிகள் சிலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். பாதி வேலையைப் பாதி வேலை என்று சொல்லித்தான் காட்ட வேண்டும். ஆனாலும் சிறிய ஊர்க் கல்லூரியில் படித்த ஒரு மாணவியால், நுண்ணோக்கி கூட சரியாக இல்லாத ஆய்வகத்திலிருந்து, காசநோய் ஆராய்ச்சியில் பங்கெடுக்க முடிந்தது என்பது எனக்கு மிகப் பெரிய விஷயம்.

உழைத்தவர்களின் பெயர் கட்டுரையில் வர வேண்டிய விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யார், எந்த நாளில், எதை எழுதினார் என்பதை இந்தக் கருவிகள் தாமாகவே பதிந்து வைக்கின்றன. பழைய நோட்டுப் புத்தகத்தில் இந்த வசதி கிடையாது. ஆய்வாளர்களுக்கு ஆர்கிட் அடையாள எண் 2012 முதல் இருக்கிறது. இன்று மாலையே இலவசமாகப் பதிவுசெய்யலாம். பங்களிப்பை 14 வகையாகப் பிரித்துச் சொல்லும் முறையை இன்று பல இதழ்கள் கேட்கின்றன. தரவு திரட்டுவதும் பராமரிப்பதும் அதில் தனித்தனி வகைகள். உங்கள் கட்டுரை அச்சாகும்போது ஷீட்டின் பதிப்பு வரலாற்றைத் திறந்து பாருங்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லையென்றால், குழுவின் மூத்தவரிடம் போய்க் கேளுங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். திறந்து வையுங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னது உங்கள் வேலையை. நோயாளியின் உடலைத் திறந்து வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. சி.டி. ஸ்கேனின் மூலையில் பெயரும் வயதும் தெரியும். கேஸ் ஷீட்டைப் படம் எடுத்தால் ஓ.பி. எண் தெரியும். அவசரத்தில் குழுவில் போட்ட படம் அங்கிருக்கும் பலருடைய கைப்பேசியிலும் தானாகச் சேமிப்பாகி, குடும்பப் புகைப்படங்களோடு கிடக்கிறது. பெயரை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அரிய நோய், வயது, ஊர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்த ஊர்க்காரர் எவருக்கும் ஆள் தெரிந்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதைப் பற்றிப் பேசுகின்றன. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறிவிட்டது. ஆனால் சட்டத்துக்கு முன்பே, ஒரு பெண் உங்களை நம்பித் தன் மார்பகக் கட்டியைக் காட்டினாள் என்பது இருக்கிறது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2004இல் உருவாக்கிய ரெட்கேப் போன்ற, ஆய்வுக்கென்றே அமைந்த மென்பொருளில் யார் எதைப் பார்க்கலாம் என்று பிரித்து வைக்க முடியும். நோயாளித் தரவு அங்கே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் கூட்ட நேரம் மட்டும் வரட்டும்.

நோயாளி தானே முன்வந்து திறந்து வைத்தால்? அதுவும் நடந்திருக்கிறது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயை லித்தியம் மெதுவாக்குகிறது என்று 2008இல் இத்தாலியிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. லித்தியம் பெற்றவர்கள் வெறும் 16 பேர். பெரிய சோதனைகள் முடியும்வரை காத்திருக்க இந்த நோயாளிகளுக்கு நேரம் இல்லை. பலர் தம் மருத்துவர் மூலம் லித்தியம் வாங்கிச் சாப்பிடத் தொடங்கி, மருந்தின் அளவையும் தம் உடல்நிலையையும் நோயாளிகளுக்கான ‘பேஷண்ட்ஸ்லைக்மீ’ தளத்தில் தாங்களே பதிந்தார்கள். அவர்களில் 149 பேரை, அதே போக்கில் நோய் முற்றிய மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, பயன் இல்லை என்று 2011இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் வெளியிட்டார்கள். முறையான சோதனைகளும் அதையே சொல்லின. தமக்கு உதவாத மருந்து என்று தெரிந்துகொள்ள அவர்கள் தங்கள் கடைசி ஆண்டுகளைக் கொடுத்தார்கள். முடிவை உலகத்தோடு சேர்ந்து அவர்களும் அறிந்தார்கள்.

நம் ஆய்வுகளில் இரத்தம் கொடுத்த எத்தனை பேருக்கு முடிவு போய்ச் சேருகிறது? நீங்கள் எழுதப்போகும் முதல் ஒப்புதல் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: “ஆய்வு முடிந்ததும் கண்டதை உங்களுக்குச் சொல்லலாமா? எந்த எண்ணில் சொல்லலாம்?” பதில் சொன்னவர்களின் பட்டியலைக் குழுவின் பொது ஷீட்டில் வைக்காமல், பூட்டிய கோப்பில் வையுங்கள். முடிவு வந்த அன்று, கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பு, அந்தப் பட்டியலை எடுத்து அழையுங்கள்.