ஈரலின் துப்புரவும் ஈரற்புற்றும்

(சவ்வாது மலையில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



இம்மலையிற் சாமை விளைகின்றது. போரடித்த களத்தைக் கூட்டாது விட்டால் என்னாகும்? உமியும் பதரும் மண்டும். அடுத்த போரடிப்புக்கு இடமிராது. உடம்பின் ஒவ்வோர் உயிரணுவும் அத்தகைய களமே. உருக்குலைந்த புரதமும் பழுதுற்ற இழைமணியும் அதனுள் நாடோறும் சேர்கின்றன. உயிரணு அவற்றை மென்படலத்தாற் பொதிந்து, செரிப்புப் பையினுள் தள்ளிக் கரைத்து, கரைந்ததை மீண்டும் தனக்கே உணவாக்கிக்கொள்ளும். பெல்சிய அறிஞர் கிறித்தியான் தெ துவே 1963இல் இதற்குப் பெயரிட்டார். தமிழில் தன்விழுங்கல் என்றாற் போதும், மலைச்சிறுவனுக்கும் விளங்கும். இதை ஆளும் மரபணுக்களை நொதியத்திற் கண்ட சப்பானியர் யோசினோரி ஓசுமி 2016இல் நோபெல் பரிசு பெற்றார்.

குடியும், மிகைக்கொழுப்பும், ‘பி’ வகை ஈரலழற்சி நச்சுயிரியும் ஈரலணுவை நெருக்குகின்றன. நெருக்கம் மிகுந்தால் புரதங்கள் மடிப்புக் குலைந்து குவியும். துப்புரவும் தடைப்பட்டால் அழற்சி நீடித்து மரபணு சிதையும். தன்விழுங்கல் மரபணு நீக்கப்பட்ட எலிகளின் ஈரலிற் கட்டிகள் தோன்றியதைச் சப்பானிய ஆய்வாளர் 2011இல் காட்டினர்.

ஆயின் இங்கொரு முரண் உண்டு. புற்று வேரூன்றிய பின் அதே துப்புரவு புற்றணுவுக்குத் துணைநிற்கும். குருதியோட்டம் குறைந்த இடத்தில் அது தன்னையே தின்று பிழைக்கும், மருந்தையும் தாங்கும். எனவே, பட்டினி கிடந்தால் ஈரற்புற்று கரையும் என்பார் சொல்லை நம்பாதீர். நலிந்தவரை அது மேலும் நலிவிக்கும்.

கீழாநெல்லியைப் பற்றியும் கேட்கின்றீர்கள். சென்னையில் தியாகராசன் குழுவினர் அதை ஆய்ந்து 1988இல் முடிவை வெளியிட்டனர். ‘பி’ நச்சுயிரியைக் கண்டறிந்து 1976இல் நோபெல் பரிசு பெற்ற புளூம்பெர்கும் அக்குழுவில் இருந்தார். மருந்துண்ட 37 பேருள் 22 பேர் குருதியில் நச்சுயிரியின் மேற்புரதம் மறைந்தது. மருந்துண்ணாத 23 பேருள் ஒருவருக்கே மறைந்தது. பின்னர்ப் பிற நாடுகளிற் செய்த ஆய்வுகளோ இதை உறுதிசெய்யவில்லை. நம் பச்சிலை என்பதற்காக மெய்யை மறைப்பது தமிழ்ப்பற்றாகாது. மஞ்சட்காமாலை கண்டவர் பச்சிலையோடு நின்றுவிடாமல் குருதியை ஆய்வுசெய்துகொள்ள வேண்டும்.

நனைந்து பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையை, விலைபோகாதென்று வீட்டில் வறுத்துண்ணாதீர். ஈரற்புற்றை விளைக்கும் நஞ்சு அதில் உண்டு; வறுத்தாலும் முற்றும் அழியாது. குழவி பிறந்த 24 மணி நேரத்துள் ‘பி’ தடுப்பூசி இட வேண்டும். மகப்பேறு வீட்டிலேயே நிகழ்ந்தாலும், அன்றே குழவியை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.