ஹிட்லருக்கு ஏன் இந்த மாலை?



யூதர் குடியிருப்பே இல்லாத நம் காளஹஸ்தியில் யூத வெறுப்பைப் பற்றி என்ன பேச்சு என்கிறீர்கள். யூதரைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் வாயிலும் அது குடியிருக்கிறதே, அதனால்தான் பேசுகிறேன்! "இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வந்தால்தான் சரிப்படும்" என்று டீக்கடையில் கூசாமல் சொல்கிறார்கள். புத்தகக் கடைகளில் தன்னம்பிக்கை நூல்களுக்கு நடுவே அவன் சுயசரிதையை அடுக்கி விற்கிறார்கள். 2012இல் அகமதாபாத்தில் ஒரு துணிக்கடைக்கே அவன் பெயரை வைத்தார்கள். 60 லட்சம் யூதரைக் கொன்றவன் பெயரை! அதில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் குழந்தைகள். அந்தப் புத்தகத்தை வாங்குகிற தம்பி முழுக்கப் படிக்கட்டும். இந்தியா வெள்ளைக்காரன் பிடியில் இருப்பதே மேல் என்று அதில் எழுதியிருக்கிறான். நம் விடுதலையை இளக்காரமாகப் பேசியவனுக்கு நாம் மாலை போடுவதா?

யூதர்கள்தான் உலகத்தை ஆட்டிவைக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது 1903இல் ரஷ்யாவில் அச்சேறிய ஒரு போலி ஆவணத்தின் சரக்கு. வேறொரு நூலிலிருந்து திருடிச் செய்த பித்தலாட்டம் என்று 1921இலேயே லண்டன் 'டைம்ஸ்' ஏடு ஒப்பிட்டுக் காட்டிவிட்டது. நூறு வருஷமாகியும் அந்தப் பொய் சாகவில்லை. ஆளைத்தான் சாகடிக்கிறது.

2008 நவம்பர் 26. மும்பையில் தாஜ் ஓட்டலையும் ரயில் நிலையத்தையும் தாக்கியவர்கள், கொலாபாவில் ஒரு சந்துக்குள் இருந்த நாரிமன் ஹவுஸைத் தேடிப் போனார்களே, எதற்கு? அங்கே யூதர் இருந்தார்கள் என்பதற்காக! மதகுரு கேவ்ரியேல், கர்ப்பிணியான அவர் மனைவி ரிவ்கா இருவரையும் கொன்றார்கள். இரண்டு வயதுப் பிள்ளை மோஷேயை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தவர் சாண்ட்ரா சாமுவேல், அந்த வீட்டில் வேலை செய்த நம் நாட்டுப் பெண்.

பிறப்பைப் பார்த்துக் குற்றவாளி என்கிற அநியாயம் நமக்குத் தெரியாததா? 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் காட்டி, இந்தச் சீமையின் எருகலாப் பழங்குடி மக்களிடம் கைரேகை வாங்கி, காவல் நிலையத்தில் ஆஜராக வைத்தான் வெள்ளைக்காரன். அந்தச் சட்டத்தைக் கொடுமை என்கிற வாய், ஹிட்லரை வீரன் என்று சொல்லலாமா?

காஸாவில் குழந்தைகள் சாகிறார்கள். இஸ்ரேல் அரசைக் கண்டியுங்கள், நானும் கண்டிக்கிறேன். ஆனால் குண்டூர் மாவட்டம் கொத்தரெட்டிபாலெத்தில் தெலுங்கு பேசி, வயல் வேலைக்குப் போய், சனிக்கிழமை ஜெபிக்கிற யூதக் குடும்பம் அந்த அரசின் எந்தக் குண்டைப் போட்டது? அவர்களிடம் நீங்கள் எதற்குக் கணக்குக் கேட்கிறீர்கள்?