கூரை நீங்கும் மோட்டார் வண்டிகள்



1976ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 21ஆம் திகதி, அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரிலுள்ள கடிலாக் தொழிற்சாலையிலிருந்து வெண்ணிறக் கார் ஒன்று வெளியே வந்தது. எல்டொராடோ என்பது அதன் பெயர். துணிக்கூரையைப் பின்னே மடித்துக்கொண்டு திறந்த வெளியிலே செல்லத்தக்க கார் அது. இவ்வகையில் அமெரிக்கா செய்யும் கடைசிக் கார் இதுவே என்று உலகெங்கும் செய்தி பரவிற்று. அவ்வாண்டுக்கென 14,000 கார்கள் செய்யப்பட்டன. அவற்றுள் இறுதி 200 கார்களும் ஒரே வெண்ணிறம் பூண்டவை. வருங்காலத்தில் பெருவிலை பெறும் என எண்ணிப் பலர் அவற்றை வாங்கி, ஓட்டாமலே கொட்டிலில் பூட்டிவைத்தனர்.

ஒரு கார் வகைக்கு இவ்வாறு இறுதிச் சடங்கு நடத்தப்பட்டது ஏன்? அதைக் கொன்றது எது? இன்று உங்களுடன் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. கலைத்துறையில் பட்டம் பெற்ற நான் இயந்திர நூல் வல்லவனல்லன். ஆயினும் காரின் கூரை ஏறியதும் இறங்கியதுமான கதையிலே இயந்திரத்தைக் காட்டிலும் மனிதரின் ஆசையும் அச்சமுமே மிகுதியாகத் தென்படுகின்றன.

காருக்கு முதலிற் கூரை இருந்தது, பின்னர் இன்பம் வேண்டியவர் அதைக் கழற்றினர் என்று நாம் எண்ணுகிறோம். நடந்தது அதற்கு மறுதலையானது. 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் திகதி ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் உரிமை கோரிய மூன்று சக்கர வண்டிக்குக் கூரையே இல்லை. மழையானால் நனைய வேண்டும். புழுதியானால் விழுங்க வேண்டும். அக்காலத்துக் கார்களுக்கு உடல் அமைத்தவர்கள் குதிரைவண்டி செய்த தச்சர்களே. ஆதலால் வண்டிகளின் பெயர்களும் காருக்கு வந்து சேர்ந்தன. பேட்டன், லாண்டோ, கப்ரியோலே, கூப்பே என்பன யாவும் குதிரைவண்டிப் பெயர்களே. லாண்டோ என்பது ஜேர்மனியிலுள்ள ஓர் ஊரின் பெயர். முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு மடக்குக் கூரைகள் நடுவிலே வந்து பொருந்தும் வண்டி அது. பிரெஞ்சு மொழியிலே துள்ளுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது கப்ரியோலே. துள்ளி ஓடும் இலேசான வண்டி என்பது பொருள். இன்று கோடீசுவரர் ஏறும் காருக்கு அப்பெயர் வழங்குகிறது.

1908ஆம் ஆண்டில் ஹென்றி போர்ட் வெளியிட்ட ரி மாதிரிக் கார் 850 டொலருக்கு விற்கப்பட்டது. அதற்கும் மடக்கத்தக்க துணிக்கூரைதான். பக்கங்களிலே கண்ணாடி இல்லை. மழைக்காலத்தில் திரைகளைக் கொக்கியில் மாட்டிக்கொள்ள வேண்டும். நாற்புறமும் மூடிய கார் அந்நாளிலே செல்வர்க்குரியது. மரச்சட்டங்களைக் கையாற் பொருத்தி, தகடு போர்த்து, மெருகூட்டி முடிக்கப் பல வாரங்கள் செல்லும். திறந்த கார் ஏழையின் கார். மூடிய கார் சீமானின் கார். இன்றைய நிலையை அறிந்தவர்க்கு இது வியப்பாகவே இருக்கும்.

இந்நிலையைப் புரட்டிவிட்டது ஹட்சன் நிறுவனத்தாரின் எசெக்ஸ் கார். 1922ஆம் ஆண்டுக்கென அவர்கள் வெளியிட்ட மூடிய காரின் விலை, திறந்த காரினும் 300 டொலரே கூடியதாயிருந்தது. 1925ஆம் ஆண்டளவில் மூடியதே மலிவாயிற்று. 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து மூடியவை, 1924இல் நாற்பத்துமூன்று, 1927இல் எண்பத்தைந்து. எட்டே ஆண்டுகளில் ஒரு தேசம் முழுவதும் கூரைக்குக் கீழே போய் அமர்ந்துகொண்டது. இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. மூடிய கார் எனப்பட்டவற்றின் கூரையிலும் நடுப்பகுதி துணியாகவே இருந்தது, அவ்வளவு அகன்ற உருக்குத் தகட்டை ஒரே துண்டாக அழுத்தி எடுக்கும் வசதி இன்மையால். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தார் 1935ஆம் ஆண்டின் கார்களிலேதான் முழு உருக்குக் கூரையைப் பெருவாரியாகக் கொண்டுவந்தனர்.

எல்லார்க்கும் கூரை வந்தபின்பே கூரையின்மை ஆடம்பரமாயிற்று. மழைக்கு மூடவும் வெயிலுக்குத் திறக்கவும் கூடியதாய், ஏற்றி இறக்கும் கண்ணாடிகளோடு கூடிய கார் பிறந்தது. அமெரிக்கர் அதைக் கன்வேர்ட்டிபிள் என்றனர். ஆங்கிலேயர் டிரொப்ஹெட் கூப்பே என்றனர். கண்ணாடியும் வேண்டாம், இரண்டு இருக்கையே போதும் என்ற துணிச்சற்காரருக்கு ரோட்ஸ்டர் என்ற வகை தொடர்ந்து கிடைத்தது. 1939ஆம் ஆண்டின் பிளிமத் காரில் துணிக்கூரை தானே மடிந்து இறங்கும் பொறியும் அமைந்தது.

ஆனால் துணி துணியே. கிழியும், ஒழுகும், கத்தியொன்று போதும் கள்வனுக்கு. உறுதியான தகட்டுக் கூரையையே மறைத்துவைக்க வழியில்லையா என்ற ஆசை பலரை வாட்டியது. 1922இலேயே பென் எல்லர்பெக் என்னும் அமெரிக்கர் கையால் இயக்கத்தக்க ஓர் அமைப்பை ஹட்சன் காரிலே செய்து காட்டினார். அது விற்பனைக்கு வரவில்லை. வென்றவர் பிரான்சு தேசத்தவரான ஜோர்ஜ் போலான். இவர் தொழிலால் ஒரு பல் வைத்தியர்! பல்லைப் பிடுங்கவும் கட்டவும் பயின்ற கைகள் காரின் வடிவத்தையும் வரைந்தன. கூரை ஒரே துண்டாக எழுந்து பின்னே சென்று, பின்புறப் பெட்டிக்குள் இறங்க, பெட்டியின் மூடி அதன்மேல் வந்து மூடும். இதற்கு உரிமை பெற்று, நம் நாட்டவர்க்கும் நன்கு பழக்கமான பேஜோ நிறுவனத்தாருக்கு வழங்கினார். 1934ஆம் ஆண்டு முதல் எக்லிப்ஸ் என்னும் பெயரோடு அக்கார்கள் வெளிவந்தன. எக்லிப்ஸ் என்றால் கிரகணம். கூரை மறைந்துபோகிறதல்லவா? பொருத்தமான பெயரே. கூரை முழுவதும் உள்ளே அடங்க வேண்டுமாகையால் அக்கார்களின் பின்பகுதி நீண்டது, கூரை குறுகியது.

போலானின் முடிவு துயரமானது. இரண்டாம் உலகப் போரிலே ஜேர்மனியர் பிரான்சைக் கைப்பற்றியபோது அவர் பிரித்தானியருக்கு இரகசியமாக உதவினார். பிடிபட்டு, 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பாரிசை அடுத்த மொன் வலேரியன் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவருடைய எண்ணத்தை அமெரிக்க அளவிலே செய்து பார்த்தது போர்ட் நிறுவனம். 1957ஆம் ஆண்டில் ஸ்கைலைனர் என்னும் கார் வந்தது. ஒரு விசையை அழுத்தினால் பின்மூடி பின்னோக்கித் திறக்கும், கூரை மேலெழும், கூரையின் முன்விளிம்பு தானே மடியும், முழுவதும் பின்னே சென்று அமர, மூடி மூடிக்கொள்ளும். இதற்காகக் காரின் உடலெங்கும் 610 அடி நீளமான மின்கம்பி ஓடியது. தெருவோரத்தில் நின்றவர்க்கு அது வித்தை. வாங்கியவரின் அனுபவம் வேறு. விலையோ துணிக்கூரைக் காரிலும் ஏறத்தாழ 400 டொலர் அதிகம். கூரை இறங்கியபின் பொருள் வைக்க எஞ்சியது நடுவிலே ஒரு சிறு தொட்டி. அதிலே பெட்டியை வைத்தவர் அதை எடுப்பதற்காகக் கூரையை மறுபடியும் எழுப்ப வேண்டும்! மூன்று ஆண்டுகளில் 48,394 கார்கள் விற்றன, 1959உடன் நிறுத்திவிட்டனர்.

கூரையை எடுப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. வீட்டிலே ஒரு சப்பாத்துப் பெட்டியை மூடியோடு பிடித்து முறுக்கிப் பாருங்கள்; அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், நெளியும். காரும் அப்படித்தான். முற்காலத்தில் அடியிலுள்ள பாரமான சட்டமே எல்லாவற்றையும் தாங்கிற்று. பின்னர் உடலும் சட்டமும் ஒன்றாய் அமைந்த கார்கள் வந்தபோது, கூரையே வலிமையின் ஒரு பங்காயிற்று. அதை நீக்கினால் கதவின் கீழ்ப்புறத்தையும் தரையையும் தடித்த இரும்பாலே இறுக்க வேண்டும். எனவே கூரையில்லாத கார் பல வேளைகளில் கூரையுள்ள காரைவிடப் பாரம் கூடியது! இதை என் மாணவர் ஒருவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

இனி அச்சத்தின் கதைக்கு வருவோம். திறந்த கார் தலைவர்களுக்கு ஒரு மேடை. 1914ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் திகதி சரயேவோ நகரிலே ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினன்ட் கொல்லப்பட்டது கூரை மடித்த காரிலேதான். 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி டலஸ் நகரிலே ஜனாதிபதி கெனடி சென்ற லிங்கன் காருக்குக் கழற்றி மாட்டத்தக்க ஒளிபுகும் கூரைத் துண்டுகள் இருந்தன. காலையில் பெய்த மழை ஓய்ந்து வானம் வெளுத்தமையால் அவை மாட்டப்படவில்லை. அவை குண்டைத் தடுக்கும் தன்மையனவும் அல்ல. பின்னர் அதே காருக்கு நிலையான கூரை அமைத்து, மேலும் பல ஆண்டுகள் பயன்படுத்தினர்.

பொதுமக்களின் அச்சம் வேறு. அது கார் குடைசாய்வது பற்றியது. தலைகீழாகப் புரளும் காரிலே மடக்குத் துணி எவரைக் காக்கும்? 1965ஆம் ஆண்டில் ரால்ப் நேடர் கார்களின் பாதுகாப்பின்மையைக் கண்டித்து எழுதிய நூல் அமெரிக்காவை உலுக்கிற்று. 1966இல் வீதிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. திறந்த கார்களையே சட்டம் தடைசெய்துவிடும் என்ற பேச்சு எங்கும் எழுந்தது.

இப்பேச்சைச் செவிமடுத்தவர்களுள் ஜேர்மனியின் போர்ஷ நிறுவனத்தாரும் அடங்குவர். 1965ஆம் ஆண்டு செப்டெம்பரில் பிராங்போர்ட் கண்காட்சியிலே அவர்கள் ஒரு புது உடலைக் காட்டினர். இருக்கைகளுக்குப் பின்னே, தலைக்கு மேலாக, 20 சென்டிமீற்றர் அகலமான உருக்கு வளைவு ஒன்று நிலையாக நின்றது. அதற்கும் முன்கண்ணாடிக்கும் இடையிலுள்ள கூரைத் துண்டை மாத்திரம் கழற்றலாம். சிசிலித் தீவிலே 1906 முதல் நடந்துவந்த தார்கா புளோரியோ என்னும் மோட்டார்ப் பந்தயத்தின் நினைவாக இதற்குத் தார்கா என்று பெயரிட்டனர். இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று; இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனத்தார் 1961இலேயே பின்கண்ணாடிச் சட்டத்தை நிலையாக வைத்து நடுத்துண்டைக் கழற்றும் காரைச் செய்திருந்தனர். ஆயினும் நிலைத்த பெயர் தார்கா. கூரை நீங்கும் வகைகளுள் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. காற்றை விரும்புகிறவனுடைய தலையை மறவாமல் அமைத்த வடிவம் அது.

மூன்றாண்டுகளில் அமெரிக்காவின் கொர்வெற் காரும் இதே வழியிலே வந்தது. அங்கே ஒற்றைத் துண்டுக் கூரை போதிய உறுதி தராமையால் நடுவிலே முன்பின்னாக ஒரு சட்டம் விட்டனர். மேலிருந்து பார்த்தால் ஆங்கில ரி எழுத்துப் போலத் தோன்றும். இரு புறமும் இரண்டு துண்டுகளைக் கழற்றலாம். இதற்கு 1951ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றிருந்தவர் கோர்டன் பியூரிக் என்னும் வடிவமைப்பாளர்.

அப்படியானால் அந்தத் தடைச் சட்டம் எப்போது வந்தது? நேயர்களே, அது வரவேயில்லை! கூரையின் வலிமை பற்றிய விதி 1973இல் நடைமுறைக்கு வந்தபோது, திறந்த கார்களுக்கு அதிலே விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஆனால் அதற்குள் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டிருந்தன. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் திறந்த கார்கள் விற்றன. பத்தாண்டுகளில் எஞ்சியது எல்டொராடோ ஒன்றே. வராத சட்டம் மாத்திரமே இதற்குக் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. குளிரூட்டும் சாதனம் காருக்குள் வந்துவிட்டது, நெடுஞ்சாலையின் வேகத்திலே காற்று இன்பம் தராமல் இரைச்சலாயிற்று, வாங்குவோரும் குறைந்தனர். எனினும் விற்பனை குன்றியிருந்த வேளையில், தடை வரும் என்ற வதந்தி உற்பத்தியாளருக்கு நல்ல சாட்டாக அமைந்தது என்றே கருதுகிறேன்.

1982இல் லீ அயாகோக்காவின் தலைமையிலே கிறைஸ்லர் நிறுவனம் திறந்த காரை மீண்டும் விற்கத் தொடங்கிற்று. 1984ஆம் ஆண்டு மாதிரியாகக் கடிலாக்கும் புதிய எல்டொராடோவைத் திறந்த கூரையோடு கொண்டுவந்தது. 'கடைசிக் கார்' என்று நம்பி வாங்கிப் பூட்டிவைத்தவர்களுட் சிலர் வழக்குத் தொடுத்தனர்!

குடைசாயும் ஆபத்துக்கும் ஒரு விடை கிடைத்தது. 1989ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் எஸ்.எல். காரிலே பாதுகாப்பு வளைவு இருக்கைகளுக்குப் பின்னே படுத்துக் கிடந்தது. கார் புரளப்போவதைப் பொறி உணர்ந்தால், ஒரு நொடியின் மூன்றிலொரு பங்கு நேரத்துள் அது எழுந்து நிற்கும். தார்காவிலே கண்ணுக்குத் தெரிய நின்ற வளைவு இங்கே மறைந்து காத்திருந்தது.

போலானின் தகட்டுக் கூரையும் திரும்பிவந்தது. 1996இல் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. கார் அதைப் புதுக்கியது. இரண்டாயிரமாம் ஆண்டையொட்டிப் பேஜோ நிறுவனமே தன் சிறிய 206 காரிலே அதை நடுத்தர வர்க்கத்தினர்க்கும் எட்டச் செய்தது. பல நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் அவற்றுட் பெரும்பாலானவை அதைக் கைவிட்டன. பாரம், விலை, பெட்டி வைக்க இடமின்மை என்று சொல்லப்பட்ட குறைகள், 1957இல் ஸ்கைலைனர் வாங்கியவர் சொன்ன அதே குறைகள்தாம். இன்று திறந்த கார் வாங்குவோர்க்குப் பெரும்பாலும் கிடைப்பது பழைய துணிக்கூரையே. துணி இப்பொழுது பல மடிப்புக்களாகத் தடித்திருக்கிறது. பின்கண்ணாடி உண்மைக் கண்ணாடியாயிற்று. மடிப்பதற்குச் சில நொடிகள் போதும்.