தட்பவெப்பக் கணக்கும் தாய்மொழியும்

(சூலூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் ஆடிக்காற்று நாளை மறுநாள் சூலூர்க் குளக்கரையில் எவ்வளவு விரைவில் வீசும் என்பதை எவரும் அறுதியிட்டுச் சொல்லார். அங்ஙனமிருக்க, ஐம்பது ஆண்டு கழித்து உலகின் வெப்பம் எவ்வளவு ஏறும் என்று அறிவியலார் கணிப்பது எங்ஙனம்? இவ்வாறு ஐயுறுவோர் உளர். ஐயம் நன்று, விடை தேடாமல் நிற்றலே தீது.

தாயக்கட்டையை ஒருமுறை உருட்டினால் விழும் எண்ணை எவரும் முன்கூறார். ஆயிரம் முறை உருட்டினால் வரும் நிரவலைப் பள்ளிச் சிறுவனும் கூறுவான். ஒருநாள் வானிலை ஓர் உருட்டு. முப்பது ஆண்டுத் தட்பவெப்பம் பல்லாயிரம் உருட்டின் நிரவல். எண்ணற்ற துகள்களின் தாறுமாறான அசைவில் ஒழுங்கைக் காண்பதே புள்ளியியல் இயற்பியல்.

காற்றில் தானே ஆடும் தொட்டிலை நோக்குக. வெறுந்தொட்டில் மெல்லிய காற்றுக்கும் மிக ஆடும். குழந்தை கிடக்கும் தொட்டிலோ சற்றே அசையும். இரண்டையும் ஒரே அளவு வலிமையுடன் தள்ளிப் பிடித்தால், முன்னது மிக விலகும். பின்னது சிறிதே விலகும். ஆகவே, தானே ஆடும் ஆட்டத்தையும் அது தணியும் காலத்தையும் அளந்தால், தள்ளினால் நேரும் விலகலைத் தள்ளாமலே கணிக்கலாம்.

இவ்வுண்மையின் வித்து, துகளசைவு பற்றி 1905இல் ஐன்சுடீன் எழுதிய கட்டுரையில் உளது. இதனைத் தட்பவெப்பத்திற்குப் பொருத்தலாம் என்று 1975இல் அமெரிக்க அறிஞர் செசில் இலீத்து காட்டினார். இங்கே தள்ளும் கை, மாந்தன் எரித்தெழுப்பும் கரிவளி. பத்து நூறாயிரம் பங்கு காற்றில் முன்பு 280 பங்காக இருந்த அவ்வளி இன்று 420ஐக் கடந்துவிட்டது. நாள்தோறும் பதைக்கும் வானிலையைக் கடல் தாங்கிச் சேர்த்து நெடுங்கால மாற்றமாக்கும் வகையை 1976இல் செருமானியர் கிளவுசு ஆசல்மன் கணித்தார். 2021இல் சியுகுரோ மனாபே, சியார்சியோ பரீசி ஆகியோருடன் அவரும் நோபெல் பரிசு பெற்றார்.

ஒன்று மறக்கலாகாது. ஞாயிற்றின் ஒளி ஓயாது பாய்வதால் உலகம் அமைதியுற்ற தொட்டில் அன்று. எளிய நெறி முழுதும் பொருந்தாது. அக்குறை நீக்கத் தாவீது உருயெல் வகுத்த கோட்பாட்டை அறிஞர் இன்றும் விரித்து வருகின்றனர்.

இத்துறையில் தமிழன் பங்கு யாது? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்திரன் இராமநாதன், குளிர்பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வளிகளும் வெப்பத்தைச் சிறைப்படுத்தும் என்பதை 1975இல் கண்டார். இயல்பான ஏற்றத்தாழ்வு என்னும் இரைச்சலினின்று கரிவளியின் வெப்பத்தை 2000க்குள் பிரித்தறியலாகும் என்று 1980இல் உரோலாண்டு மேடனுடன் சேர்ந்து முன்னுரைத்தார். அவ்வாறே ஆயிற்று.

அவர் தம் பதினோராம் அகவையில் பெங்களூர்ப் பள்ளிக்குச் சென்றார். அங்குப் பாடமெல்லாம் ஆங்கிலம். ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் வழக்கமே தம்மை விட்டு நீங்கிற்று என்றும், எதனையும் தாமே ஆய்ந்தறிய நேர்ந்தது என்றும் அவரே பின்னாளில் கூறினார். இதனை ஆங்கிலத்தின் பயன் என்பர் சிலர். ஓர் இராமநாதன் கரையேறினார். கரையேறாது மூழ்கிய பிள்ளைகளின் கணக்கை எடுத்தவர் யார்?

நொய்யலை நம்பிய உழவனுக்கும், தறியோட்டும் நெசவாளிக்கும் இக்கணக்கு விளங்க வேண்டும். வெப்பம் ஏறினால் முதலில் வாடுவோர் அவரே. அவர்க்கு விளங்காத மொழியில் விடுக்கும் எச்சரிக்கை செவிடன் காதில் ஊதிய சங்கே! தொட்டிலைக் காட்டித் தமிழில் சொன்னால் விளங்காத அறிவியல் இல்லை. ஆசிரியர்களே, சொல்லுங்கள்! மாணவர்களே, கேளுங்கள், கேட்டு வினவுங்கள்!

வெல்க தமிழ்!